நொரிகோவை ஏன் கியோட்டோவுக்குக் கூட்டிப் போனார்? ஓசுவின் ‘பன்ஷுன்’ பற்றி ஒரு திருத்தக் குறிப்பு

சில வருஷங்களுக்கு முன்னால் யசுஜிரோ ஓசுவின் ‘பன்ஷுன்’ படம் பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். ‘லேட் ஸ்பிரிங்’ என்ற பெயரில்தான் நம்மில் பலருக்கு அந்தப் படம் தெரியும். அந்தக் குறிப்பில் ஜாடி, ஜென், நிலையாமை, மௌனம் எல்லாம் தாராளமாக இருந்தன. இப்போது எடுத்துப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. தப்பு என்று சொல்வதைவிட, படத்தைப் பார்க்காமல் படத்தைப் பற்றிய புத்தகங்களைப் பார்த்து எழுதியது என்று சொல்லலாம். அதைத் திருத்தத்தான் இந்தப் பதிவு.

திருத்தக் காரணம் என் அம்மா. அவர் சப்டைட்டில் படிக்க மாட்டார். கண் வலிக்கும் என்பார். படத்தை ஓடவிட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்து யார் என்ன பேசுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வரணும். போன மாதம் மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் படத்தை அப்படிப் பார்த்தோம். கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவும் மகளும் கியோட்டோவுக்குப் போகிற இடம் வந்ததும் அம்மா கேட்டார்: “எல்லாம் சரி, இந்த ஊருக்கு எதுக்குக் கூட்டிட்டு வந்தாரு?”

“சும்மா, கோயில் குளம் பார்க்க” என்றேன்.

“கோயிலுக்கு வந்தவங்க யாரும் சாமி கும்பிட்ட மாதிரியே தெரியலையே.”

நான் பலமுறை பார்த்த படம் அது. இந்தக் கேள்வி எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகக் கதை. 1949 செப்டம்பரில் வெளியான படம். கசுவோ ஹிரோட்சு எழுதிய ‘அப்பாவும் மகளும்’ என்ற கதையை வைத்து ஓசுவும் கோகோ நோடாவும் திரைக்கதை எழுதினார்கள். கமகுராவில் மனைவியை இழந்த பேராசிரியர் சோமியா. அவர் மகள் நொரிகோ. வயது 27. போர்க்காலக் கட்டாய வேலையில் உடம்பு கெட்டு, இப்போதுதான் தேறியிருக்கிறாள். அப்பாவைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே இருந்துவிடுவதில் அவளுக்குப் பரம சந்தோஷம். அத்தை மாசா மாப்பிள்ளை பார்க்கிறாள். மகள் நகர மாட்டேன் என்கிறாள். ‘நான் மறுமணம் செய்துகொள்ளப் போகிறேன்’ என்று அப்பா ஒரு பொய் சொல்கிறார். மகள் உடைந்து போய்க் கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறாள். கல்யாணத்துக்கு முன் இருவரும் சேர்ந்து போகும் கடைசிப் பயணம்தான் கியோட்டோ. பிறகு கல்யாணம். ஆனால் கல்யாணத்தைப் படம் காட்டாது, மாப்பிள்ளை முகத்தையும் காட்டாது. ஹாலிவுட் நடிகர் கேரி கூப்பர் மாதிரி இருப்பார் என்று மட்டும் அத்தை சொல்வாள். வாய்ப்பக்கம் மட்டும்தானாம்.

நொரிகோவாக செட்சுகோ ஹாரா. அப்பாவாக சிஷூ ரியூ. கதையில் அப்பாவுக்கு வயது 56, நடிக்கும்போது ரியூவுக்கு 45. ரியூ பற்றி ஒரு விஷயம் இங்கே பொருந்தும் என்பதால் சொல்கிறேன். அவர் கியூஷு தீவில் குமமோட்டோ பகுதியில் ஒரு பௌத்தக் கோயில் குருக்களின் மகன். அப்பாவுக்குப் பிறகு கோயிலை எடுத்து நடத்த வேண்டும் என்பதற்காக டோயோ பல்கலைக்கழகத்தில் இந்தியத் தத்துவத் துறையில் சேர்த்துவிட்டார்கள். அவர் 1925-ல் படிப்பை விட்டுவிட்டு ஷோச்சிகு சினிமா கம்பெனியின் நடிப்புப் பள்ளிக்குப் போய்விட்டார். கோயிலுக்குள் பிறந்து கோயிலை வேண்டாம் என்று வந்த மனிதர், திரையில் கோயில் கோயிலாக நடக்கிறார். அவர் நடையில் பக்தியும் இல்லை, அலட்சியமும் இல்லை. சொந்த வீட்டு முற்றத்தில் நடப்பவர் மாதிரி இருப்பார்.

நம் மொழியில் எல்லாவற்றுக்கும் கோயில் என்று ஒரே சொல். ஜப்பானில் ‘-ஜி’, ‘-தெரா’ என்று முடிந்தால் பௌத்தக் கோயில். ‘ஜிங்கு’, ‘-கூ’ என்று வந்தால் பொதுவாக ஷிண்டோ கோயில். இந்தப் பிரிவினையும் ரொம்பப் பழையதில்லை. 1868-ல் மெய்ஜி அரசு வந்து சட்டம் போட்டுப் பிரிக்கும் வரை இரண்டும் பல இடங்களில் ஒரே வளாகத்தில் கலந்துதான் கிடந்தன. கமகுராவின் ஹச்சிமன்-கூ கோயிலும் அப்படி இருந்ததுதான்.

படம் கிதா-கமகுரா ரயில் நிலையத்தில் தொடங்கி, நேராக எங்காகு-ஜி கோயிலில் நடக்கும் தேநீர்ச் சடங்குக்குப் போகிறது. 1282-ல் கட்டிய ஜென் கோயில். மங்கோலியப் படையெடுப்பில் செத்த இரு தரப்பு வீரர்களுக்காகவும் என்று எழுப்பியது. அந்தக் கோயிலில், அந்த மௌனச் சடங்கு தொடங்குவதற்கு முன் என்ன பேச்சு நடக்கிறது? அத்தை மாசா தன் கணவரின் கோடு போட்ட பேன்ட்டை எடுத்து நொரிகோவிடம் கொடுக்கிறாள். பூச்சி அரித்துவிட்டது, பையனுக்கு அரை டிராயராக வெட்டித் தைத்துத் தர முடியுமா என்று கேட்கிறாள். அதற்குப் பிறகுதான் தேநீர். சடங்கை நிதானமாக, ஜன்னலுக்கு வெளியே மரங்களோடு காட்டுகிறார் ஓசு. ஆனால் என் மனதில் ஒட்டிக்கொள்வது பேன்ட்தான்.

அடுத்தது ஹச்சிமன்-கூ. சோமியாவும் தங்கை மாசாவும் கோயில் வளாகத்தில் நடந்துகொண்டே நொரிகோவின் சம்மதம் வருமா வராதா என்று பேசுகிறார்கள். மாசா தரையில் கிடக்கும் ஒரு மணிபர்ஸை எடுக்கிறாள். அதிர்ஷ்டம், இந்தச் சம்பந்தம் கூடிவரும் என்கிறாள். போலீஸில் கொடுக்கணும் என்கிறார் அண்ணன். கொடுப்போம் கொடுப்போம் என்று மடியில் செருகிக்கொள்கிறாள். அந்தப் பக்கமாக ஒரு போலீஸ்காரர் வர, குடுகுடுவென்று படியேறி ஓடுகிறாள். ஹருகோ சுகிமுராவின் அந்த ஓட்டம் ஒன்றுக்காகவே படத்தை இன்னொரு முறை பார்க்கலாம். கோயிலில் யாரோ தொலைத்த காசு இவளுக்குச் சகுனமாகிவிடுகிறது. நொரிகோவின் வாழ்க்கை அந்தச் சகுனத்தின்மேல் தீர்மானமாகிக்கொண்டிருக்கிறது. அவள் அங்கே இல்லை.

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கியோட்டோவுக்கு வருவோம். முதலில் கியோமிசு-தெரா. மலைச் சரிவில் 13 மீட்டர் உயரத்துக்கு மரத்தூண்கள் நிறுத்தி, அதன்மேல் நீட்டிக் கட்டிய மேடை. இப்போதிருக்கும் கட்டடம் 1633-ல் எழுந்தது. ‘கியோமிசு மேடையிலிருந்து குதிப்பது’ என்றால் ஜப்பானிய மொழியில் துணிந்து ஒரு முடிவெடுப்பது என்று பொருள். ‘வர்றது வரட்டும்’ என்று நாம் சொல்வோமே, அந்த மாதிரி. வாழ்க்கையின் பெரிய முடிவை எடுத்துவிட்ட பெண்ணை அதே இடத்தில் நிறுத்துகிறார் ஓசு. அந்தப் பழமொழியை யாரும் வாயெடுத்துச் சொல்வதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை, ஜப்பானியப் பார்வையாளருக்கு அந்த மேடையைப் பார்த்தாலே போதும்.

அங்கே அப்பாவின் பழைய நண்பர் ஒனோதெரா தன் மகள் மிசாகோவோடும் புது மனைவியோடும் வந்திருக்கிறார். மனைவியை இழந்து மறுமணம் செய்துகொண்டவர். டோக்கியோவில் சந்தித்தபோது நொரிகோ அவர் முகத்துக்கு நேராகவே, சிரித்துக்கொண்டே, இது அசிங்கம் என்று சொல்லியிருக்கிறாள். இப்போது அந்த ‘அசிங்க’மே எதிரில் நிற்கிறது. மரியாதையான, அமைதியான ஒரு பெண்மணி. என்ன செய்வாள் நொரிகோ? எல்லோரும் கோயில் பார்க்கிறார்கள். இரண்டு குடும்பம், ஒரு நல்ல வெயில் நாள், இதமான பேச்சு. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு குடும்பச் சுற்றுலா. ஒனோதெராவின் மனைவியிடம் சோமியா கியோட்டோவைப் புகழ்கிறார். டோக்கியோ மாதிரி இல்லை, அங்கே ஒரே தூசி என்கிறார்.

அந்தத் ‘தூசி’ ஓசு எழுதிய சொல் இல்லை. திரைக்கதையில் இருந்தது டோக்கியோவின் இடிபாடுகள். 1945 முதல் 1952 வரை ஜப்பான் அமெரிக்க ஆக்கிரமிப்பின் கீழ் இருந்தது. சினிமாவுக்குக் கதைச் சுருக்கம், திரைக்கதை, முடிந்த படம் என்று எல்லா நிலையிலும் தணிக்கை. 1945 நவம்பரிலேயே எதையெல்லாம் காட்டக் கூடாது என்று 13 விஷயங்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். குண்டு போட்டு எரித்த ஊரை இடிபாடு என்று சொன்னால் போட்டவனைக் குறை சொன்ன மாதிரி ஆகுமே. அதனால் தூசி. கியோட்டோ எரியாமல் நின்றதும் அதே அமெரிக்காவின் முடிவுதான். அணுகுண்டுக்கான இலக்குப் பட்டியலில் முதலில் அந்த ஊரும் இருந்தது. போர்த்துறைச் செயலர் ஹென்றி ஸ்டிம்சன் பிடிவாதமாக நின்று அதை எடுக்க வைத்தார். நொரிகோ நிற்கும் மேடை நின்றுகொண்டிருப்பது இப்படித்தான். படம் வெளியானபோது தியேட்டரில் உட்கார்ந்திருந்த டோக்கியோக்காரருக்குத் தூசி என்றால் என்ன என்று யாரும் விளக்கியிருக்க வேண்டாம்.

இந்தத் தணிக்கைக் காகிதங்களைத் தோண்டி எடுத்தவர்கள் கியோகோ ஹிரானோ (அவர் புத்தகம் 1992-ல் வந்தது), பிறகு லார்ஸ்-மார்ட்டின் சோரன்சென். அம்மாவின் கேள்விக்குப் பதில் தேடி மறுபடி அந்தப் பக்கம் போனபோதுதான், முன்பு கண்ணில் பட்டும் மனதில் படாத ஒரு தகவல் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஓசு தணிக்கைக்குக் கொடுத்த கதைச் சுருக்கத்தில் கியோட்டோ பயணத்துக்குத் தெளிவான ஒரு காரணம் இருந்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன் நொரிகோ இறந்துபோன தன் அம்மாவின் கல்லறைக்குப் போய் வரவேண்டும். அதற்காகத்தான் அப்பா கூட்டிப் போகிறார்.

முடிந்த படத்தில் அந்தக் கல்லறை இல்லை. ஒரு வசனத்தில்கூட இல்லை. முன்னோர் வழிபாட்டை ஆக்கிரமிப்பு அதிகாரிகள் சந்தேகத்தோடு பார்த்தார்கள், அதனால் விழுந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகமாகத்தான் வைக்கிறார்கள். நானும் அதை ஊகமாகவே எடுத்துக்கொள்கிறேன். காரணம் எதுவானாலும், படத்தின் நடுவில் ஒரு குழி விழுந்துவிட்டது.

கல்லறைக்குப் போவது ஜப்பானில் சாதாரணக் குடும்ப வழக்கம். கல்லைக் கழுவி, தண்ணீர் ஊற்றி, பூ வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, வீட்டில் நடக்கும் நல்லது கெட்டதைச் சொல்லிவிட்டு வருவது. கல்யாணம் நிச்சயமானால் அங்கே போய்ச் சொல்வதும் உண்டு. அந்தக் காட்சி இருந்திருந்தால் நொரிகோவுக்கு இந்தப் பயணத்தில் ஒரு வேலை இருந்திருக்கும். சொல்ல ஓர் ஆள் இருந்திருக்கும். ‘எனக்கு இஷ்டமில்லை, இருந்தாலும் போகிறேன்’ என்றுகூட மனதுக்குள் சொல்லியிருக்கலாம். நாம் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்திருப்போம். அது போனபின் அவளிடம் மிச்சம் இருப்பது கியோமிசு மேடை, விடுதி அறை, அப்பா. அம்மா கேட்ட ‘எதுக்குக் கூட்டிட்டு வந்தாரு’ என்ற கேள்விக்குப் படத்துக்குள் பதிலே கிடையாது. பழைய பதிலை எடுத்துவிட்டார்கள், புதுசாக எதையும் வைக்கவில்லை.

இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பிரபலமான ராத்திரிக் காட்சிக்கு வந்தால் அது வேறாகத் தெரிகிறது. விடுதி அறையில் அப்பாவும் மகளும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில். விளக்கு அணைத்தாயிற்று. ஒனோதெரா மாமாவிடம் தெரியாமல் மோசமாகப் பேசிவிட்டேன், அந்த அம்மா எவ்வளவு நல்லவர் என்கிறாள் நொரிகோ. அவர் அதையெல்லாம் மனசில் வைத்திருக்க மாட்டார் என்கிறார் அப்பா. உங்களைப் பற்றியும் எனக்கு வெறுப்பாகத்தான் இருந்தது என்று தொடங்குகிறாள். பதில் இல்லை. அப்பா குறட்டை விடுகிறார். அவள் கூரையைப் பார்த்துப் புன்னகைக்கிறாள். அறையின் மூலையில் ஒரு ஜாடி, பின்னால் காகிதக் கதவில் மூங்கில் நிழல். மறுபடி அவள் முகம், இப்போது அழப்போகிறவள் மாதிரி. மறுபடி ஜாடி.

இந்த ஜாடியைப் பற்றி எழுதியதை எல்லாம் அடுக்கினால் ஜாடியைவிட உயரமாக வரும். 1972-ல் பால் ஷ்ரேடர், அது முரண்பட்ட உணர்ச்சிகளைத் தனக்குள் வாங்கி நிலையான ஒன்றாக மாற்றுகிறது என்று எழுதினார். கிறிஸ்டின் தாம்ப்சன், அந்த இடத்தில் எந்தப் பொருளை வைத்திருந்தாலும் சரிதான், அர்த்தம் தேடாதீர்கள் என்கிற பக்கம். ஷிகெஹிகோ ஹசுமிக்கு ஓசு என்றாலே ஜென், ஜப்பானியத் தன்மை என்று பேசுவதே பிடிக்காது. நான் முதல் கட்சி. என் பழைய குறிப்பு முழுக்க ஷ்ரேடர் வாசனை. (படத்தின் நீளம் 108 நிமிடம். ஜப்பானியக் கோயில்களில் வருஷப் பிறப்புக்கு மணி 108 முறை அடிப்பார்கள். நல்லவேளை, அப்போது இது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அதையும் எழுதியிருப்பேன்.)

இப்போது எனக்குப் படுவது ரொம்பச் சின்ன விஷயம். அவள் பேசிக்கொண்டிருந்தாள், கேட்க வேண்டியவர் தூங்கிவிட்டார். ஒரு பெண் தன் வெறுப்பை ஒப்புக்கொள்ளத் தொடங்கும்போது அறையில் கேட்க ஆளில்லை, ஒரு ஜாடிதான் இருக்கிறது. அவள் கண் கலங்குவது பிரபஞ்ச நிலையாமைக்காக என்று நான் எப்படி எழுதினேன் என்று தெரியவில்லை. அப்பா நிஜமாகத் தூங்குகிறாரா, தூங்குவதுபோல் கிடக்கிறாரா என்றும் இந்தத் தடவை ஒரு சந்தேகம் வந்தது. பொய் சொல்லி வைத்திருப்பவருக்கு அந்த நேரத்தில் குறட்டை ரொம்ப வசதி.

அங்கிருந்து கட் ஆகி ரியோவான்-ஜி. வெள்ளைச் சரளைக்கல் பரப்பிய கல் தோட்டம். ஐந்து கூட்டமாகப் பதினைந்து கற்கள். தாழ்வாரத்தில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கல்லாவது மறைந்துதான் இருக்கும் என்பார்கள். மறைந்த கல்லையும் மறைந்த கல்லறையையும் முடிச்சுப் போடக் கை பரபரக்கிறது. ஆனால் அது என் கற்பனையாகத்தான் இருக்கும், ஓசுவின் கேமரா அப்படி எதையும் எண்ணிக் காட்டவில்லை. விட்டுவிடுகிறேன்.

கேமரா காட்டுவது சோமியாவையும் ஒனோதெராவையும். இரண்டு நண்பர்களும் தாழ்வாரத்தில் கற்களைப் பார்த்தபடி உட்கார்ந்து, பெண்பிள்ளை பெற்றவர்களின் பாட்டைப் பேசுகிறார்கள். கஷ்டப்பட்டு வளர்த்தால் கொடுத்துவிட வேண்டியிருக்கிறது, கொடுக்காவிட்டால் கவலை, கொடுத்தால் வெறுமை, இதற்குப் பையனே தேவலை என்று சோமியா. நாமும் யாரோ வளர்த்த பெண்ணைத்தானே கட்டிக்கொண்டு வந்தோம் என்று ஒனோதெரா. சிரிப்பு. ஆயிரம் வருஷத்துக்கும் மாறாத கற்கள் முன்னால் ஆயிரம் வருஷமாகப் பேசுகிற பேச்சு.

அழகான காட்சி, சந்தேகமில்லை. படத்திலேயே எனக்கு மிகப் பிடித்த ஷாட்டுகள் இங்கேதான் இருக்கின்றன. ஆனால் நொரிகோ அந்தத் தாழ்வாரத்தில் இல்லை. ஹச்சிமன்-கூவில் இல்லாத மாதிரியே இங்கேயும் இல்லை. அவளைப் பற்றி முடிவெடுக்கும்போதும் கோயில், அந்த முடிவை நினைத்துப் பெருமூச்சு விடும்போதும் கோயில். இரண்டிலும் பெரியவர்கள் மட்டும். அவளுக்கென்று ஒரு கல் இருந்தது, அம்மாவின் கல். அது படத்திலிருந்து போய்விட்டது. மிச்சமிருந்த பதினைந்து கல்லையும் அப்பாக்களுக்குக் கொடுத்துவிட்டார் ஓசு. விமரிசகர்கள் பெரும்பாலும் அந்த அப்பாக்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். என் பழைய குறிப்பும் அங்கேதான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

ஓசு இதை அறிந்து செய்தாரா? முழுக்க அறியாமல் செய்தார் என்று நம்ப முடியவில்லை. அவருக்குக் கல்லறைக் காட்சி வேண்டாம் என்பதில்லை. ‘டோக்கியோ ஸ்டோரி’யில் (1953) அம்மாவின் இறுதிச் சடங்கு நடக்கும் கோயிலில் கடைசி மகன் மரத்தாளம் கேட்கச் சகிக்காமல் எழுந்து வெளியே போய் உட்காருவான். அந்த அடி ஒவ்வொன்றுக்கும் அம்மா சிறுத்துச் சிறுத்துப் போகிற மாதிரி இருக்கிறது என்பான். கோயிலையும் துக்கத்தையும் நேருக்கு நேர் வைக்க ஓசுவுக்குத் தெரியும். ‘பன்ஷுன்’ எடுத்தபோது கையைக் கட்டிவிட்டார்கள். கட்டிய கையோடு எடுத்ததால்தான் இந்தப் படம் இவ்வளவு கடுமையாக வந்திருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். கல்லறையில் மகள் அழுது, அப்பா தேற்றி, இருவரும் கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருந்தால் நாமும் நிம்மதியாகத் தியேட்டரை விட்டு எழுந்திருப்போம். தணிக்கைக்காரர்களுக்கு நன்றி சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசி ராத்திரி, மூட்டை கட்டும் காட்சி. நாராவுக்கும் ஒரு நாள் போயிருக்கலாம், இந்த மாதிரி முன்பே நிறையப் போயிருக்கலாம் என்று அப்பா பேசிக்கொண்டே சாமான்களை எடுத்து வைக்கிறார். நொரிகோ கையிலிருப்பதை நிறுத்திவிட்டுச் சொல்கிறாள்: நான் இப்படியே உங்களோடு இருந்துவிடுகிறேன், கல்யாணம் ஆனாலும் இதைவிடச் சந்தோஷம் எனக்கு வராது, நீங்கள் மறுமணம் செய்துகொண்டாலும் பரவாயில்லை. படம் முழுவதிலும் அவள் தனக்கு என்ன வேண்டும் என்று முழுசாகச் சொல்லும் ஒரே இடம். பதிலுக்கு அப்பா ஒரு நீண்ட பிரசங்கம் செய்கிறார். எனக்கு 56 ஆகிறது, என் வாழ்க்கை முடியும் பக்கம் வந்துவிட்டது, உன்னுடையது இனிமேல்தான், சந்தோஷம் தானாக வந்து உட்காராது, இரண்டு பேரும் சேர்ந்து வருஷக்கணக்கில் உண்டாக்கணும் என்கிறார். அதற்கு உதாரணமாகத்தான் அம்மா வருகிறாள். உன் அம்மாவும் ஆரம்பத்திலேயே சந்தோஷமாக இருக்கவில்லை, அடுப்படி மூலையில் நின்று அழுததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், ஆனாலும் பொறுத்துக்கொண்டாள் என்கிறார்.

கல்லறை இல்லாத அந்தப் பெண் கியோட்டோவில் வந்து சேரும் இடம் இதுதான், கணவர் வாயில் ஓர் எடுத்துக்காட்டாக. நொரிகோ மன்னிப்புக் கேட்கிறாள். என் பிடிவாதம்தான், புரிந்தது என்கிறாள்.

சோமியாவை வில்லனாக்க எனக்கு ஆசையில்லை. அவர் மகளுக்கு நல்லதென்று மனதார நம்பியே செய்கிறார். விலையும் கொடுக்கிறார். கல்யாணம் முடிந்த ராத்திரி, மகளின் தோழி ஆயாவிடம், அது என் ஆயுளிலேயே பெரிய பொய் என்று ஒத்துக்கொள்கிறார். காலி வீட்டில் ஆப்பிள் தோலைச் சீவிக்கொண்டே வந்து, தோல் கீழே விழ, தலை குனிகிறார். பார்க்கிற யாருக்கும் அவர்மேல் கோபம் தங்காது. எனக்கும் தங்கவில்லை. ஆனால் அந்தத் தலைகுனிவுக்காக மூட்டை கட்டும் காட்சியில் அவர் சொன்னது சரியாகிவிடாது. நான் அதைத்தான் முன்பு சரியென்று எழுதியிருந்தேன், ‘ஞானம்’ என்ற சொல்லைப் போட்டு.

அந்தப் பிரசங்கத்தை வரிவரியாக அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அடுப்படி மூலை வந்ததும் அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அழுததைப் பலவாட்டி பார்த்தாராமா?”

“ஆமா.”

“பார்த்துட்டு என்ன பண்ணாராம்? போய் என்னன்னு கேட்டாராமா?”

ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டி, அந்தப் பகுதியை மறுபடி போட்டுப் பார்த்தேன். அதை அவர் சொல்லவில்லை.